போஸ்ட்கிரெஸில் தமிழ்: ஆள் இல்லாத வசதிகள் என்ன ஆகும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். மெஷின் வாங்குவது பெரிய விஷயம் இல்லை, அதை ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் பெரிய விஷயம் என்பார்கள். ஸ்பேர் கிடைக்க வேண்டும். அந்த மெஷினைத் தெரிந்த ஃபிட்டர் இருக்க வேண்டும். அவர் ரிட்டயர் ஆகிவிட்டால், மெஷின் நன்றாக இருந்தாலும் தார்ப்பாய் போட்டு மூட வேண்டியதுதான். காமர்ஸ் மாணவர்கள் மெஷின் தேய்வதற்குத் தேய்மானம் என்று கணக்கு எழுதுவார்கள். தெரிந்த ஆள் இல்லாமல் போவதற்குக் கணக்குப் புத்தகத்தில் தனி வரி கிடையாது!

சாஃப்ட்வேர் துருப் பிடிக்காதே, அதற்கு எதற்கு மெயின்டனன்ஸ் என்று தோன்றலாம். எழுதிய நிரல் அப்படியேதான் இருக்கும், உண்மை. ஆனால் அது ஓடும் கணினி மாறும், ஆபரேட்டிங் சிஸ்டம் மாறும், பக்கத்தில் இருக்கும் மற்ற நிரல்கள் மாறும். நேற்று வரை பொருந்திய திருகு இன்று பொருந்தாது. காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர் என்றால் ஏஎம்சி போட்டு கம்பெனிக்காரனைக் கேட்கலாம். யாரும் முதலாளி இல்லாத ஓப்பன் சோர்ஸில் யாரைக் கேட்பது? போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் வரலாறு இதற்கு நல்ல உதாரணம். அதில் தமிழுக்கும் ஒரு சின்ன அத்தியாயம் உண்டு.

(டேட்டாபேஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: லெட்ஜர்தான். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுதினாலும் குழம்பாத லெட்ஜர். சென்னை ஜோஹோவின் மேனேஜ்இஞ்சின் சாஃப்ட்வேர்கள் பலவற்றில் போஸ்ட்கிரெஸ் கூடவே சேர்ந்து வருகிறது. பெயர் தெரியாமலே பயன்படுத்துபவர்கள் நிறைய.)

போஸ்ட்கிரெஸே ஒரு காலத்தில் ஆள் இல்லாமல் போன பொருள்தான். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986இல் ஆரம்பித்த ஆராய்ச்சித் திட்டம் அது. அவருக்குப் பின்னாளில் 2014க்கான டூரிங் விருது கிடைத்தது. 1989இல் முதல் பதிப்பு வெளியாட்கள் சிலர் கைக்குப் போனது. 1993க்குள் பயன்படுத்துபவர்கள் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. வியாபாரமாக இருந்தால் இது கொண்டாட வேண்டிய செய்தி. பல்கலைக்கழகத்தில் அது தொல்லையாகிவிட்டது! ஆராய்ச்சி செய்ய வேண்டிய நேரமெல்லாம் யாரோ கேட்கும் சந்தேகத்துக்குப் பதில் சொல்வதிலும் பழைய நிரலைச் சரி செய்வதிலும் போனது. இந்தச் சுமையைக் குறைக்கத்தான் 4.2 என்ற பதிப்போடு திட்டத்தை அதிகாரபூர்வமாக முடித்துக்கொண்டார்கள். நன்றாக ஓடியதாலேயே மூடப்பட்ட கடை!

1994இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு பெர்க்லி மாணவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். போஸ்ட்க்வெல் என்ற பழைய கேள்வி மொழியைத் தூக்கிவிட்டு எஸ்க்யூஎல் வைத்தார்கள். நிரலின் அளவை 25 சதவீதம் வெட்டினார்கள். போஸ்ட்கிரெஸ்95 என்று பெயர் வைத்தார்கள். பிறகு 1996இல் பல நாட்டுத் தன்னார்வலர்கள் இணையம் வழியாக ஒன்று சேர்ந்து அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். உயிர் பிழைத்தது. ஆனால் வீட்டில் இருந்த எல்லாச் சாமானும் புது வீட்டுக்கு வந்து சேரவில்லை.

வராமல் போன சாமான்களில் முக்கியமானது டைம் டிராவல் என்ற வசதி. பெயரைப் பார்த்து சினிமா என்று நினைக்க வேண்டாம், இது சுத்தமான கணக்கு வேலை. ஸ்டோன்பிரேக்கரின் வடிவமைப்பில் ஒரு வரியை மாற்றினால் பழைய வரி அழியாது. புது வரி தனியாக எழுதப்படும், பழையது தேதியோடு அப்படியே இருக்கும். மார்ச் 31 அன்று இந்தக் கணக்கில் எவ்வளவு இருந்தது என்று டேட்டாபேஸையே கேட்கலாம். பழைய வரிகளை அள்ளிக் கொண்டுபோய் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய ஆப்டிகல் டிஸ்கில் சேர்த்து வைப்பது என்பது அன்றைய யோசனை. அள்ளும் வேலைக்கு வாக்குவம் என்று பெயர்.

யோசனை அழகு, செலவு அதிகம். டிஸ்க் நிரம்பியது, வேகம் குறைந்தது. ஒவ்வொரு மாற்றத்தின் நேரத்தையும் குறிக்கும் கோப்பு எல்லை இல்லாமல் வளர்ந்தது. புதிய தன்னார்வலர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது தினமும் விழுந்துவிடாத ஒரு டேட்டாபேஸ். 1997 அக்டோபரில் வந்த 6.2 பதிப்பில் டைம் டிராவலை எடுத்துவிட்டார்கள். வேண்டும் என்பவர்களுக்காக அதே வேலையை ஓரளவு செய்யும் ஒரு துணை நிரலை ஓரமாக வைத்தார்கள். அது எப்படிப்பட்ட ஓரம் என்றால், அந்தத் துணை நிரல் நம்பியிருந்த தேதி வகை 2038 ஜனவரி 19க்கு மேல் எண்ண முடியாதது. 32 பிட் எண்ணில் நொடிகளை எண்ணும் பழைய வகை. அந்தத் தேதி வகையும் துணை நிரலும் 2019இல் வந்த 12ஆம் பதிப்பில் ஒன்றாகப் போயின. இருபத்திரண்டு வருடம் ஓரத்திலேயே கிடந்திருக்கிறது!

காமர்ஸ்காரர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் கம்பெனிகள் பயன்படுத்தும் அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைக்க வேண்டும், அந்தப் பதிவை நிறுத்தி வைக்க முடியக்கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதாவது 1997இல் யாருக்கும் வேண்டாம் என்று தூக்கப்பட்டதற்கு ஒப்பான ஒரு வேலையை இப்போது சட்டமே கேட்கிறது. போஸ்ட்கிரெஸிலும் 2025 செப்டம்பரில் வந்த 18ஆம் பதிப்பில் கால அளவைச் சார்ந்த சாவிகள் சேர்ந்தன. ஒரே பொருளுக்கு ஒரே காலத்தில் இரண்டு விலை போடப்பட்டிருந்தால் டேட்டாபேஸே மறுத்துவிடும். இது பழைய டைம் டிராவல் அல்ல, வேறு விஷயம். ஆனாலும் காலம் என்ற கேள்வி திரும்பி வந்துவிட்டது. பழையதன் மிச்சமும் இருக்கிறது. ஒரு வரியை மாற்றும்போது பழையதை உடனே அழிக்காத பழக்கம் போகவில்லை. அதை வைத்துத்தான் இன்றும் பலர் ஒரே நேரத்தில் எழுதும் குழப்பத்தைப் போஸ்ட்கிரெஸ் சமாளிக்கிறது. வாக்குவம் என்ற பெயரும் அப்படியே. இப்போது அது ஆப்டிகல் டிஸ்குக்கு எதையும் அனுப்புவதில்லை, குப்பையை மட்டும் பெருக்குகிறது.

எல்லா வசதிக்கும் இந்தக் கதி வருவதில்லை. பெர்க்லி காலத்திலிருந்து வந்த இரண்டு இண்டெக்ஸ் முறைகளைப் பார்க்கலாம். (இண்டெக்ஸ் என்பது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி. தேடுவதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க.) ஒன்று ஆர்-ட்ரீ, வரைபடத்தில் இடங்களைத் தேட. இன்னொன்று ஹாஷ். ஆர்-ட்ரீ செய்த வேலையை ஜிஸ்ட் என்ற பொதுவான முறை நன்றாகவே செய்ய ஆரம்பித்தது, ஜிஸ்டைக் கவனிக்க மாஸ்கோவின் ஓலெக் பார்த்துனோவ், தியோதோர் சிகாயெவ் போன்றவர்கள் இருந்தார்கள். 2006இல் வந்த 8.2 பதிப்பில் ஆர்-ட்ரீ போனது. போன விதம் மரியாதையானது. பழைய நிரல் எதுவும் ஆர்-ட்ரீ கேட்டால், அது இப்போது இல்லை, பதிலாக ஜிஸ்ட் போடுகிறேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டு வேலையை முடித்துக் கொடுக்கும். கடை கைமாறினாலும் பழைய கஸ்டமரைத் திருப்பி அனுப்பாத அண்ணாச்சி மாதிரி!

ஹாஷ் கதை வேறு. கரண்ட் போய் சர்வர் விழுந்தால் மற்ற இண்டெக்ஸ்கள் தானாக மீண்டு எழும், ஹாஷ் எழாது. மீட்புக்கான குறிப்பேட்டில் அது எழுதப்படுவதே இல்லை. கையால் திரும்பக் கட்ட வேண்டும். வருடக்கணக்கில் கையேட்டிலேயே, இதைப் பயன்படுத்த வேண்டாம் என்ற தொனியில் எச்சரிக்கை போட்டு வைத்திருந்தார்கள். ஒரு வசதியை வைத்திருப்பானேன், அதன் பக்கத்திலேயே வேண்டாம் என்று போர்டு மாட்டுவானேன்! எடுத்துவிடலாம் என்ற பேச்சு பலமுறை வந்தது. கடைசியில் அதைக் காப்பாற்றியது இந்தியப் பொறியாளரான அமித் கபிலா. மீட்புக் குறிப்பேட்டில் ஹாஷைச் சேர்க்கும் வேலையை அவர் செய்தார், வேகத்தைக் கூட்டும் வேலையில் மிதுன் சி.ஒய்., ஆசுதோஷ் சர்மா ஆகியோரும் சேர்ந்தார்கள். 2017 அக்டோபரில் வந்த 10ஆம் பதிப்பில் எச்சரிக்கை போர்டு கழற்றப்பட்டது.

எந்த வசதி சிறந்தது என்று யாரும் ஓட்டுப் போட்டு ஹாஷைப் பிழைக்க வைக்கவில்லை. உட்கார்ந்து வேலை செய்ய ஆள் கிடைத்தார்கள், அவ்வளவுதான். ஓப்பன் சோர்ஸ் என்றால் எல்லோருக்கும் சொந்தம் என்பார்கள். சொந்தம் எல்லோருக்கும்தான். ஆனால் முடிவு, வேலைக்கு வந்து நிற்பவர் கையில்.

மைஎஸ்க்யூஎல்லில் இதுவே வேறு மாதிரி நடந்தது. ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால் முன்பு சொன்ன பதிலையே எடுத்துக் கொடுக்கும் க்வெரி கேஷ் என்ற வசதி 2001இல் வந்தது. அன்றைய வெப்சைட்டுகளுக்கு வரப்பிரசாதம். ஆனால் ஒரு கம்ப்யூட்டருக்குள் பல பிராசஸர்கள் வந்ததும் எல்லாமே இந்த ஒரே கேஷின் பூட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. ஆரக்கிள் நிறுவனம் 2010இல் சன் நிறுவனத்தை வாங்கியபோது மைஎஸ்க்யூஎல்லும் அதனோடு சேர்ந்து அதன் கைக்கு வந்திருந்தது. 2018இல் வந்த 8.0 பதிப்பில் க்வெரி கேஷ் இல்லை. ஆனால் மைஎஸ்க்யூஎல்லை முதலில் எழுதிய மான்ட்டி விடேனியஸ் 2009இல் பிரித்துக்கொண்டு போன மரியாடிபியில் அந்த வசதி தொடர்ந்தது. அண்ணன் வீட்டில் வேண்டாம் என்றதைத் தம்பி வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் இப்படியும் ஒரு நன்மை!

சரி, தமிழுக்கு வருவோம்.

2007ஆம் ஆண்டு தமிழ்க் கணிமைக்குச் சூடான காலம். எல்காட் நிறுவனம் லினக்ஸ் பக்கம் திரும்பியிருந்தது. திஸ்கி, டேப், யூனிகோட் என்ற எழுத்துருச் சண்டை இன்னும் முடியவில்லை (தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010இல்தான்). அந்த வருடத்தில் உபுண்டு தமிழ்க் குழுவைச் சேர்ந்த ஒரு தன்னார்வலர் போஸ்ட்கிரெஸின் செய்திகளைத் தமிழாக்கினார். செய்தி என்றால், இணைக்க முடியவில்லை, கோப்பைத் திறக்க முடியவில்லை என்று நிரல் நம்மிடம் சொல்லும் வாக்கியங்கள். முழு சர்வரும் அல்ல. அதோடு வரும் சின்னக் கருவிகள் சிலவும், மற்ற நிரல்கள் சர்வரோடு பேச உதவும் லிப்பிக்யூ என்ற நூலகமும். 2008 பிப்ரவரியில் 8.3 பதிப்பு வந்த காலத்தில் உலகம் முழுக்கப் போன அந்தப் பொதிக்குள் தமிழும் போனது. சம்பளம் கிடையாது. கோப்பின் தலைப்பில் ஒரு பெயரும் வருடமும், அதுவே கூலி.

இந்தக் கோப்பின் அமைப்பு எளிமையானது. மேலே ஆங்கில வாக்கியம், கீழே அதற்குத் தமிழ். ஆனால் ஆங்கிலத்தில் யாராவது ஒரு சொல்லை மாற்றினாலும் முடிச்சு அவிழ்ந்துவிடும். அந்தத் தமிழ் வரி சந்தேகத்துக்குரியது என்று குறிக்கப்பட்டு, யாராவது பார்த்துச் சரி சொல்லும் வரை பயன்படுத்தப்படாது. அந்த இடத்தில் ஆங்கிலமே வரும். ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு புதுப் பதிப்பு, ஒவ்வொன்றிலும் புது வாக்கியங்கள், திருத்திய வாக்கியங்கள். மொழிபெயர்ப்பாளர் ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தாலும் அவருடைய கோப்பு வருடா வருடம் பழசாகிறது. இதற்குத் தேய்மானம் என்ற சொல் கச்சிதமாகப் பொருந்தும். ஒரு கோப்பில் 80 சதவீதத்துக்குக் குறைவாகத் தமிழ் இருந்தால் அதைப் பொதியில் சேர்ப்பதில்லை என்பது போஸ்ட்கிரெஸ் மொழிபெயர்ப்புக் குழுவின் வழக்கம். பாதித் தமிழ் பாதி ஆங்கிலம் என்று குழப்புவதைவிட முழு ஆங்கிலம் மேல் என்ற எண்ணம்தான். நியாயமான விதி. யார் மேலும் கோபப்பட முடியாது.

அப்படித்தான் லிப்பிக்யூவின் தமிழ் சத்தமில்லாமல் போனது. யாரும் கூட்டம் போட்டு நீக்கவில்லை, சதவீதம் இறங்கியது, அவ்வளவே. பிஜி கான்ஃபிக் என்று ஒரு குட்டிக் கருவி உண்டு. போஸ்ட்கிரெஸ் எந்த ஃபோல்டரில் நிறுவப்பட்டிருக்கிறது என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. அதன் வாக்கியங்கள் பெரிதாக மாறாததால் அதில் மட்டும் தமிழ் லிப்பிக்யூவுக்குப் பிறகும் பல வருடம் நின்றது. யாரும் அதிகம் பேசாத மூலையில் தமிழ் பத்திரமாக இருந்திருக்கிறது!

எர்ரர் மெசேஜைத் தமிழில் வைத்து யாருக்கு லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர் எர்ரரை அப்படியே காப்பி செய்து கூகுளில் போட்டுத்தான் தீர்வு தேடுவார், தமிழில் போட்டால் ஒன்றும் கிடைக்காது. ஆனால் லிப்பிக்யூவின் செய்திகள் அவரோடு நிற்பதில்லை. மேலே உள்ள பில்லிங் நிரல் அதை அப்படியே திரையில் காட்டிவிட்டால், செங்குன்றம் அரிசி மண்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை வரை அது வந்துவிடும். சர்வரோடு இணைப்பு இல்லை என்பது தமிழில் வந்தால், வயர் கழன்றிருக்கிறதா என்றாவது அவர் குனிந்து பார்ப்பார். ஆங்கிலத்தில் வந்தால் ஆளைக் கூப்பிடுவார், ஆள் வரும் வரை வண்டி நிற்கும். அந்தக் கணக்குப்பிள்ளைக்கு மெயிலிங் லிஸ்ட் தெரியாது, தமிழ் போனது என்று புகார் எழுதவும் மாட்டார். புகார் வராத வசதியை யாருக்கும் வேண்டாத வசதி என்று எடுத்துக்கொள்வது எளிது.

இதற்கு நேர் எதிராக இன்னொரு தமிழ் வசதி 2019 அக்டோபரில் 12ஆம் பதிப்பில் வந்தது. ஆமாம், டைம் டிராவல் துணை நிரல் வெளியே போன அதே பதிப்பில்! சொல்லின் வேரைக் கண்டுபிடித்துத் தேடும் வசதி. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் வால் கொஞ்சம்தான். தமிழில் வீடு, வீட்டில், வீடுகளுக்கு, வீட்டிலிருந்து என்று வால் நீண்டுகொண்டே போகும். அப்படியே எழுத்துக்கு எழுத்து தேடினால் வீடு என்று தேடுபவருக்கு வீட்டில் என்பது கிடைக்காது. விகுதிகளைக் கழித்து ஒரு பொது வடிவத்துக்குக் கொண்டுவரும் விதிகளை ஒரு தமிழ் நிரலாளர் எழுதினார். இந்திக்கு இதே வசதி போஸ்ட்கிரெஸில் வந்தது 2021இல், 14ஆம் பதிப்பில். தமிழ் இரண்டு வருடம் முந்திவிட்டது!

கவனிக்க வேண்டிய விஷயம், அது எங்கே வைக்கப்பட்டது என்பது. விதிகள் நேராகப் போஸ்ட்கிரெஸுக்குள் வைக்கப்படவில்லை. ஸ்னோபால் என்ற பொதுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. சொல்லின் வேரைத் தேடும் விதிகளுக்காகவே மார்ட்டின் போர்ட்டர் உருவாக்கிய திட்டம் அது. போஸ்ட்கிரெஸ் மட்டுமல்ல, வேறு பல தேடல் நிரல்களும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. போஸ்ட்கிரெஸ்காரர்கள் அவ்வப்போது ஸ்னோபாலின் புதுப் பிரதியை மொத்தமாக எடுத்து உள்ளே வைக்கிறார்கள். 2025இல் வந்த 18ஆம் பதிப்பில் எஸ்டோனிய மொழி அப்படித்தான் சேர்ந்தது. எஸ்டோனியாவுக்காக அந்த வண்டி கிளம்பினாலும் தமிழும் அதே வண்டியில் பயணம் செய்கிறது. மொழிபெயர்ப்புக் கோப்பு தனி வீடு, ஒருவர் தினமும் விளக்கேற்ற வேண்டும். ஸ்னோபால் சத்திரம், யார் வந்தாலும் கூரையை மேய்ந்துவிட்டுப் போவார்கள்.

சத்திரத்திலும் தமிழ் அறை தமிழ் தெரிந்தவர் பொறுப்புதான் என்பதை மறக்கக் கூடாது. விதி ஒன்று ஒரு சொல்லைத் தப்பாக வெட்டினால் அதை எஸ்டோனியர் கண்டுபிடிக்க முடியாது. விதியைத் திருத்தினாலும் வேலை அதோடு முடியாது. பழைய விதிப்படி கட்டிய இண்டெக்ஸ்களைத் திரும்பக் கட்ட வேண்டும்.

இன்னொரு பக்கம், போஸ்ட்கிரெஸ் ஓடும் கணினி வகைகளிலும் இதே கதை. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளைக் கொடுத்து, புது நிரல் வரும்போதெல்லாம் ஓட்டிச் சோதிக்கும் பில்ட்ஃபார்ம் என்ற ஏற்பாடு 2004 முதல் இருக்கிறது. சோதிக்க ஆள் இல்லாத வகை மெல்ல வெளியே போகும். எச்பி-யூஎக்ஸ் 2023இல் 16ஆம் பதிப்பில் போனது. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் 2024இல் 17ஆம் பதிப்பில் போனது, போன பிறகுதான் ஐபிஎம் பொறியாளர்கள் திருத்தங்களோடு ஓடி வந்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியே வாசலில் நின்று கேட்க வேண்டியிருந்தது என்றால், ஒற்றைத் தன்னார்வலரின் தமிழ்க் கோப்புக்காக யார் காத்திருப்பார்கள்?

கோப்பு அழிந்துவிடவில்லை என்பது மட்டும் நல்ல செய்தி. போஸ்ட்கிரெஸின் நிரல் வரலாறு முழுவதும் சேமிக்கப்பட்டிருக்கிறது, லிப்பிக்யூவின் தமிழ்க் கோப்பை இன்றும் பழைய பதிப்பிலிருந்து எடுக்கலாம். எடுத்து இன்றைய ஆங்கிலக் கோப்போடு சேர்த்தால் மாறாத வாக்கியங்கள் அப்படியே ஒட்டிக்கொள்ளும், மாறியவை மட்டும் சந்தேகக் குறியோடு வரும். மிச்சம் புதிதாக எழுத வேண்டும், 80 சதவீதம் வரும் வரை. பிறகு அடுத்த வருடமும் அதே வேலை.